உங்கள் ஊர் எது

2022இல் இதே பத்திரிகையில், நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதிக்கு நான் ஒரு மதிப்புரை எழுதினேன். மூன்றரைப் பக்கம். நம் வட்டத்தில் ஒரு முதல் தொகுதிக்கு அது அதிகம்தான். தொகுதியில் பாதிக்கு மேற்பட்ட கவிதைகளில் யாரோ ஒருவர் வரப்பிலோ திண்ணையிலோ மதகுக் கட்டையிலோ உட்கார்ந்திருக்கிறார், எதற்கென்று சொல்லப்படாமலே காத்திருக்கிறார், கவிதை முடிந்துவிடுகிறது. இந்தக் காத்திருப்பு அனுபவத்திலிருந்து வரவில்லை, படிப்பிலிருந்து வந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். பெக்கெட்டின் பெயரையும் இழுத்தேன் — பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்குக் காத்திருப்பு என்றதும் வேறு யார் ஞாபகத்துக்கு வருவார்? கடைசிப் பாராவில், தஞ்சை மண்ணில் பிறந்த ஒருவரின் கவிதையில் தஞ்சாவூர் இல்லாமல் போனது எப்படி, இக்கவிதைகளுக்கு இடமே இல்லை, என்று எழுதி, நானும் அந்த மண்ணைச் சேர்ந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன் என்றும் சேர்த்திருந்தேன். எழுதி முடித்தபோது அந்தப் பாரா எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பத்து நாளில் ஒரு தபால் கார்டு வந்தது. விலாசம் எழுதும் பக்கம் நிறைந்திருந்தது. மறுபக்கத்தில் ஒரே ஒரு வரி. ‘உங்கள் ஊர் எது?’

என் ஊர் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். என் அம்மா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஆகவே இது கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, பதில் போடாமல் விட்டேன். அவரும் பிறகு எழுதவில்லை. எனக்கு மட்டும் அல்ல, எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை.

அந்தக் கேள்வி ஒரு நேரான கேள்வியாக இருக்கக்கூடும் என்பது எனக்கு உறைத்தது அக்கா மகனால். பதினோராம் வகுப்பில் புவியியல் எடுத்திருந்தான். ஒரு லீவு நாளில் அவனுடைய டியூஷன் நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கச் சொன்னான். அமைவிடம், இடம், தூரம், அளவை, பிராந்தியம் — ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம், ஒரு எடுத்துக்காட்டு. ‘அமைவிடத்துக்கும் இடத்துக்கும் என்ன வித்தியாசம்?’ என்று நோட்டைப் பார்த்து நான் கேட்டேன். அவன் டக்கென்று சொல்லிவிட்டான். நான் நோட்டை இன்னொரு முறை படித்தேன். மூன்றரைப் பக்கத்தில் ‘இடம்’ என்ற சொல்லை ஏழு தடவை எழுதியிருந்த ஆள் நான்.

எங்கள் பி.ஏ. வகுப்பில் இடம் என்பது ஹார்டியின் எக்டன் ஹீத். அந்தப் புதர்க்காட்டைக் கண்ணால் கண்டிராத ஐம்பது பேர், அதைக் கண்டிராத ஓர் ஆசிரியரிடம் கேட்டு, அது நாவலில் ஒரு பாத்திரம் போலவே இயங்குகிறது என்று பரீட்சையில் எழுதினோம். நல்ல மார்க்கும் வாங்கினோம். பின்னால் விமர்சனம் எழுத வந்தபோது அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. மண், மண்வாசனை, வட்டாரம், திணை, வெளி — ஒரு சொல் அலுத்தால் அடுத்ததை எடுத்துக்கொள்கிறோம். காண்ட் 1756இலிருந்து 1796 வரை நாற்பது வருஷம் கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பௌதிகப் புவியியல் விரிவுரை செய்தார். கிழக்குப் பிரஷ்யாவை விட்டு அவர் வெளியே போனதே இல்லை. இது ஊர் சுற்றாத விமர்சகனுக்கு ஆறுதலான தகவல். ஆனால் காண்ட் தான் போகாத ஊர்களைப் பற்றி, போய்வந்தவர்கள் எழுதியதைத் தேடித்தேடிப் படித்தார். நான் முப்பது வருஷமாக வாழ்ந்த ஜில்லாவைப் பற்றி ஒன்றும் படிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அமைவிடம் என்றால் என்ன என்பதை நான் பாங்கிலேயே கற்றிருக்க வேண்டும். பயிர்க்கடனுக்கோ அடமானக் கடனுக்கோ வருகிறவர் கொண்டுவரும் மூலப்பத்திரத்தில் சொத்து விவரம் என்று ஒரு பகுதி உண்டு. இன்னார் புஞ்சைக்கு மேற்கு, பாசன வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் வகையறா நஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது இவ்வளவு மா என்று எழுதியிருக்கும். (ஒரு மா என்பது எங்கள் பக்கத்தில் நூறு குழி, முப்பத்துமூன்று சென்ட்.) இந்த வர்ணனையில் அந்த நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கிடையாது. சுற்றியிருப்பவற்றைச் சொல்லி, நடுவில் மிஞ்சுவதே சொத்து. அதே பத்திரத்தின் கீழேயே சர்வே எண், உட்பிரிவு எண் இருக்கும். அதற்கு ஒரு புலப்படம் இருக்கும். அதில் அக்கம்பக்கத்துக்காரர் பெயர் கிடையாது, கோடுகளும் மீட்டர் கணக்கும்தான். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஃபீல்ட் ஆபீசர் வரப்பில் நின்று கைபேசியில் எடுக்கும் படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாம் அச்சாகி விழுகிறது.

இந்த மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024இல் எனக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிளைக்கு மாற்றல் ஆனது. வந்த இரண்டாவது வாரம் வயதான ஓர் அம்மாள் தன் மாமனார் காலத்துப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். அதில் கிழக்கெல்லை ஒரு தென்னந்தோப்பு. ஆனால் அங்கே தோப்பு இல்லை; 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய இரவில் அது போய்விட்டது. தோப்புக்காரர் குடும்பம் விற்றுவிட்டுப் போய், வாங்கியவர் கைமாற்றி, இப்போது அது யார் பெயரில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ‘அந்தத் தோப்புக்கு மேக்காலதான் சார் நம்ம நெலம்’ என்றாள். இல்லாத தோப்பை அவள் கையைக் காட்டிச் சொன்ன விதத்தில், அது கவுண்ட்டருக்குப் பின்னால் இருப்பது போல் நான் திரும்பிப் பார்த்தேன். சர்வே எண்ணுக்குப் புயல் தெரியாது. அது இருந்தபடி இருந்தது. நான்கெல்லை பொருந்தவில்லை என்று குறிப்பெழுதி, தாலுகா ஆபீசுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. என் கையெழுத்தில்தான் எழுதினேன்.

யீ-ஃபூ துவான் என்ற அமெரிக்கப் புவியியலாளர் — சீனாவில் பிறந்தவர் — 1977இல் வெளிவந்த புத்தகத்தில் வெளி, இடம் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்த விஷயம் புவியியல்காரர்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. பழகப் பழக, மதிப்பு ஏற ஏற, வெறும் வெளி இடமாகிறது என்பது ஏறக்குறைய அவருடைய வாதம். இதில் பழகுகிறவர் யார் என்பதுதான் சிக்கல். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய முக்கோண நில அளவை தெற்கே வந்தபோது, காவிரிப் படுகை அவருக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. மலை கிடையாது, மேடு கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மரங்கள் மறைக்கின்றன. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றி அளந்தார்கள். 1808இல் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தானே சரி செய்தார். அந்த அளவையில் பெரிய கோயில் ஒரு புள்ளி. வேறு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோணம் எடுப்பதற்கான உயரம். ராஜராஜனோ, லிங்கமோ அதில் இல்லை. இப்படிச் சொல்லிவிட்டு லாம்டனைக் கேலி செய்வது எளிது. ஆனால் நானும் என் மதிப்புரையில் ‘தஞ்சை’ என்ற சொல்லை அப்படித்தான் உபயோகித்திருந்தேன் — கோணம் எடுப்பதற்கு வசதியான ஓர் உயரமாக.

அளவை பற்றி அக்கா மகன் நோட்டில் இருந்த எடுத்துக்காட்டைவிட நல்ல ஒன்று பிறகு பத்திரிகைகளில் வந்தது. இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். இப்போது அரசாங்கக் கணக்கில் அது 11,098 கிலோமீட்டர். கடல் எதையும் புதிதாகத் தந்துவிடவில்லை. எழுபதுகளில் போட்ட பழைய கணக்கு நாற்பத்தைந்து லட்சத்தில் ஒன்று என்ற அளவையில் அளந்தது. புதியது இரண்டரை லட்சத்தில் ஒன்று. பெரிய அளவையில் முகத்துவாரங்களும் கழிகளும் வளைவுகளும் தெரிய வருகின்றன, கோடு நீளுகிறது. இதில் எது நிஜமான கடற்கரை என்று கேட்பதற்கு அர்த்தம் கிடையாது. எந்த அளவையில் என்றுதான் கேட்க வேண்டும். (லூயிஸ் ரிச்சர்ட்ஸன் இதைக் கவனித்து எழுதி வைத்திருந்ததை மண்டல்பிரோ 1967இல் பிரிட்டனின் கடற்கரையை வைத்து விளக்கினார். அது கணிதத்தில் வேறு எங்கோ போய்விட்டது.)

சர்வே ஆஃப் இந்தியாவின் அதே இரண்டரை லட்ச அளவைத் தாள்களில் 58 என் என்று ஒன்று. வடக்கு 10க்கும் 11க்கும் இடையே, கிழக்கு 79க்கும் 80க்கும் இடையே. திருவையாறு அதில் மேல் மூலையில் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியும் வேதாரண்யமும் கீழே. பத்து டிகிரி சொச்சம், எழுபத்தொன்பது டிகிரி சொச்சம் — சொச்சத்தை விட்டுவிட்டால் என் ஊரும் நண்பரின் ஊரும் ஒன்றுதான். நான் சொச்சத்தை விட்டுவிட்டு மதிப்புரை எழுதியவன்.

தூரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. கூப்பிடு தூரம் என்று நம்மிடம் ஓர் அளவு உண்டு. அது குரலைப் பொறுத்தது, காற்றைப் பொறுத்தது, கூப்பிடப்படுகிறவருக்கு வர மனம் இருப்பதையும் பொறுத்தது. வால்டோ டாப்லர் 1970இல் சொல்லிவைத்த விதியும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான்: எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் உறவுண்டு, கிட்ட இருப்பவற்றுக்குள் அது அதிகம் என்பது அதன் சாரம். பாங்கில் தூரத்துக்கு வேறு சரித்திரம். 1989 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சேவைப் பகுதி முறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கிராமக் கிளைக்கும் இன்னின்ன கிராமங்கள் என்று பிரித்துக் கொடுத்தது. 2004 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் தளர்த்தியாகிவிட்டது. ஆனால் எங்கள் கிளையில் பழைய ஆட்கள் இன்றைக்கும் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து ஒருவர் வந்தால், ‘அது நம்ம ஏரியா இல்லையே’ என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தை வாங்குகிறார்கள். காகிதத்தில் போட்ட கோடு இருபது வருஷம் கழித்தும் வாயில் இருக்கிறது.

பிராந்தியம் என்ற கருத்தில்தான் நான் முழுவதுமாக வழுக்கி விழுந்தது. நம் விமர்சனத்தில் வட்டாரம் என்ற சொல்லுக்கு ஒரு முன்மாதிரி உண்டு, அது கரிசல். கி. ராஜநாராயணன் அந்தப் பக்கத்து வழக்குச் சொற்களை 1982இல் அகராதியாகவே கொடுத்துவிட்டார். கரிசல் என்பது மண்ணின் நிறத்தால் ஆன வட்டாரம். எங்கே தோண்டினாலும் அந்தக் கறுப்பு மண், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வானம். புவியியலில் இதை ஒரே தன்மையால் ஆன பிராந்தியம் என்பார்கள். இன்னொரு வகை இருக்கிறது. அது ஓர் ஓட்டத்தால் ஆனது. ஒரு சந்தைக்கு வந்து போகிற கிராமங்கள், ஒரு துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஊர்கள், ஓர் ஆற்றின் நீரைப் பங்கு போட்டுக்கொள்ளும் வயல்கள். இங்கே உள்ளே இருப்பவர்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. இன்னும் சொன்னால், ஒரே மாதிரி இருக்க முடியாது. ஓட்டத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு கடைசியும் இருந்தாக வேண்டும். காவிரி டெல்டா இந்த இரண்டாம் வகை. நாம் அதைக் கரிசல் போலப் பாவித்துத் ‘தஞ்சை மண்’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பேசுகிறவர்களில் பெரும்பாலோர் தலைமடைக்காரர்கள் என்பதும் இதில் ஒரு விஷயம்.

சட்டம் போடுகிறவர்களுக்கே இது சுலபமாக இல்லை. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப் போவதாக அறிவித்தபோது எட்டு மாவட்டங்களின் பெயர் சொல்லப்பட்டது. சட்டமாக வந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் இருந்தன. திருச்சியும் அரியலூரும் கரூரும் இல்லை. அதே வருஷம் நாகையிலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆறு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குத் தெற்கே, காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில். என் சிறு பிராயத்தில் தண்ணீர் வந்ததா என்று யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கல்லணையைத் திறந்தார்கள் என்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வாய்க்காலில் நுரை வரும். பையன்கள் நுரைக்கு முன்னால் ஓடுவோம். ஆடிப்பெருக்கன்று அம்மா காதோலை கருகமணியோடு படித்துறைக்குப் போவாள். படித்துறையில் தண்ணீர் இருக்கும். இல்லாமல் போன வருஷங்களும் இருந்தன — 2017இல் மேட்டூரைத் திறந்ததே அக்டோபர் 2ஆம் தேதிதான் — ஆனால் அவை எங்களுக்கு விபரீதமான வருஷங்கள், கதையாகச் சொல்லப்படுபவை.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் ஃபீல்ட் ஆபீசரின் வண்டி ரிப்பேர். கடன் கேட்டவர்களின் நிலத்தைப் பார்க்கப் போவது என் வேலையல்ல, நான் கிளார்க். ஆனால் என்னிடம் பைக் இருந்தது. அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12க்குத் திறக்கவில்லை, ஜூலை 28இல் திறந்தார்கள். இரண்டே நாளில் 120 அடியும் நிரம்பிவிட்டது. 93 டி.எம்.சி. தண்ணீர். கர்நாடகத்தில் பெய்த மழை. கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போவதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் செல்ஃபி எடுக்கிறவர்களைக் கொள்ளிடப் பாலத்திலிருந்து போலீஸ் விரட்டுகிற படம். நாங்கள் போன வழியில் வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு சட்ரஸின் அடியில் இரண்டு ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன.

நாங்கள் பார்க்கப் போன நிலம் புழுதியில் நேரடி விதைப்புச் செய்தது. அங்கே நாற்றங்கால் விட்டு நடுவதற்குத் தண்ணீரை நம்ப முடியாது. மழையை நம்பித் தெளித்துவிடுகிறார்கள். போர் போட்டால் உப்பு. நிலத்துக்காரருக்கு அறுபது வயதிருக்கும். எங்களைக் கண்டதும் துண்டால் மதகுக் கட்டையைத் தட்டி உட்காரச் சொன்னார். டேம் நிரம்பிவிட்டதே, எப்போது தண்ணீர் வரும் என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார்.

‘எங்களுக்குத் தண்ணி மொதல்ல டிவியில வரும் சார். அப்பறம் பேப்பர்ல வரும். அதுக்கப்பறந்தான் வாய்க்கால்ல வரும். டிவியில வந்துட்டு, பேப்பர்லயும் வந்துட்டு.’

ஆடிப்பெருக்கு எப்படிக் கொண்டாடினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொள்ளிடத்துக் கூட்டுக்குடிநீர்க் குழாயடியில் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்களாம். கொள்ளிடத்துத் தண்ணீர்தானே என்றார், அதுவும் காவிரிதானே. இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது. ஃபீல்ட் ஆபீசர் வரப்பில் நின்று படம் எடுத்தார். வடக்கு பத்து டிகிரி சொச்சம், கிழக்கு எழுபத்தொன்பது டிகிரி சொச்சம்.

அப்போது மண்வெட்டியோடு ஒருவர் எதிர்ப்பக்க வரப்பில் போனார். போகிற போக்கில், நிற்காமல், ‘வந்துட்டா?’ என்றார். ‘இல்ல’ என்றார் இவர். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து சைக்கிளில் ஒரு பையன். ‘தாத்தா, வந்துட்டா?’ ‘இல்லடா.’ எது என்று இருவரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அந்த வினைச்சொல்லுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை எழுவாய் தேவைப்படுவதில்லை.

நான் மதகுக் கட்டையில்தான் உட்கார்ந்திருந்தேன். நண்பரின் ஊர் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்.

அன்று இரவு ரூமில் தொகுதியைத் திரும்ப எடுத்தேன். ஷட்டரின் இரும்பில் காதை வைத்துக்கொண்டிருக்கும் கிழவரைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. மதிப்புரையில் அதை ‘அபத்த நாடகக் காட்சி’ என்றிருந்தேன். மேலே உள்ள ஷட்டரைத் தூக்கினால் சத்தம் இரும்பு வழியாகவோ நிலத்தின் வழியாகவோ கீழே தெரியுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. ‘எதற்கென்று சொல்லப்படாத காத்திருப்பு’ என்று நான் குறையாகச் சொன்னது அந்த ஊரின் பேச்சிலக்கணம். தண்ணீர் என்ற சொல் முழுத் தொகுதியிலும் ஒரே ஒரு கவிதையில் வருகிறது, அது இழவு வீட்டில் சொம்புத் தண்ணீர். இதையெல்லாம் அவர் அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். போட்டிருந்தால் கவிதை செத்திருக்கும்.

திணையைப் பற்றியும் நான் ஏதோ எழுதியிருந்தேன் — மருதத்துக் கவிஞரிடம் ஊடலும் இல்லை, கூடலும் இல்லை என்று ஒரு சாமர்த்திய வாக்கியம். தஞ்சாவூர் என்றால் மருதம் என்பது என் கணக்கு, ஜாதகத்தில் ராசி பார்ப்பது போல. தொல்காப்பியம் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தே. நிலத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள அங்கே இடமில்லை. பாலைக்கோ தனியாக ஒரு நிலமே ஒதுக்கப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஓர் இடம் எது என்பது எப்போது என்பதைப் பொறுத்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைமடை, மருதம் நெய்தலைப் போய்த் தொடுகிற ஓரம். அதன் உரிப்பொருள் இருத்தலா, இரங்கலா என்று பண்டிதர்கள் வேண்டுமானால் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஊடல் இல்லை என்று நான் குறை சொன்னது, உப்பளத்தில் நின்றுகொண்டு நாற்று எங்கே என்று கேட்டது மாதிரி.

இதனால் அந்தத் தொகுதி முழுவதும் உயர்ந்த கவிதையாகிவிடவில்லை. சென்னை பற்றிய ஆறு கவிதைகள் இன்றைக்கும் எனக்குச் சோகையாகத்தான் படுகின்றன. கடைசிக் கவிதையில் வரிகளை ஒடித்திருப்பதற்குக் காரணம் தெரியவில்லை. அதை நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. வாபஸ் வாங்க வேண்டியது, நானும் அந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று எழுதிய வாக்கியம். ஒரே ஆற்றின் பெயரை இருவரும் சொல்லுகிறோம் என்பதால் வந்த துணிச்சல் அது. வெளியூர்க்காரன் ஒருவன் மதிப்புரை எழுதியிருந்தால் தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து எங்காவது தயங்கியிருப்பான். எனக்குத் தயக்கம் வர வழியே இல்லாமல் இருந்தது.

அவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட மனம் துணியவில்லை. தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கி, இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதமாக, அவர் கேட்டதற்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி அடித்து, கார்டு பாழாகி, இன்னொன்று வாங்கினேன். முடிவில் பத்திரத்தில் எழுதுவது போலவே எழுதிவிட்டேன். தஞ்சாவூர் மாவட்டம், திருவையாறு தாலுகா, காவிரிக்குத் தெற்கு, குடமுருட்டிக்கு வடக்கு, தலைமதகிலிருந்து இரண்டாவது வாய்க்காலுக்குக் கிழக்கு, தண்ணீர் தானாக வந்துவிடும் வயல்களுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது எங்கள் ஊர். உங்கள் ஊரின் நான்கெல்லையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன், எழுதி அனுப்புங்கள்.

கார்டைப் போட்டு நான்கு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, ‘அந்தத் தம்பி ஏண்டா இப்பல்லாம் வர்றதில்லை’ என்று கேட்டாள்.